கறிவேப்பிலைக்குப் போன மருந்து

காலை ஐந்தரைக்குக் குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். கேட்டதும் மங்களம் அடுப்பைச் சிறிதாக்குவாள். மேல் தட்டில் மைலோ டின்னுக்குப் பின்னால் கையை விட்டுப் வாயில் வைத்து உறிஞ்சுகிற பழுப்பு நிற மருந்துப் பம்பை எடுப்பாள். மூடியைக் கழற்றி ஐந்து முறை குலுக்கி, சமையற்கட்டுச் சன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டி ஓர் அமுக்கு. புஸ். மனசுக்குள் முப்பது எண்ணுவாள். மறுபடி ஐந்து குலுக்கு, மறுபடி ஓர் அமுக்கு. பிறகு வாய் வைக்கிற இடத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, மூடி போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் கணவர் கார்த்திகேசு குளிக்கப் போகும்போது இன்னொரு முறை இதே போல.

கிளினிக்கில் மருந்து கொடுக்கிற துளசி சொல்லித் தந்த முறையில் ஒரு பிசகு கிடையாது. குறை ஒன்றே ஒன்றுதான். அந்த மருந்து போய்ச் சேர வேண்டிய நெஞ்சு சுவருக்கு அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்தது. சன்னலுக்குக் கீழே தொட்டியில் நின்ற கறிவேப்பிலைச் செடிதான் அத்தனையையும் வாங்கிக்கொண்டது.

"இந்தத் தாமான்லயே செம்புட்டு வராத ஒரே ஆளு நீதான்" என்று அதனிடம் ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் பார்த்தாள்.

கார்த்திகேசுவுக்கு வயது ஐம்பத்தெட்டு. லகாட்டிலிருந்து ஈப்போ பட்டணத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறவர். செம்புட் என்று ஊரில் எல்லாரும் சொல்கிற இழுப்பு அவருக்கு முப்பது வருசமாக உண்டு. இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி பின்னால் வந்து சேர்ந்தது. சட்டைப் பையில் நீல பம்பு எப்போதும் இருக்கும். பழுப்பு பம்பை மட்டும் அவர் மதிக்கவே இல்லை.

"நீலத்த ரெண்டு அமுக்கு அமுக்கினா ரெண்டு நிமிசத்துல மூச்சு வருது. அது மருந்து. இந்தப் பழுப்பு என்னா செய்யுது? அமுக்கினாலும் ஒன்னும் தெரியல, அமுக்காட்டியும் ஒன்னும் தெரியல. நல்லா இருக்கிறப்ப எதுக்குலா மருந்து? பசிக்காம யாராச்சும் சோறு திம்பானா?"

"நீங்க திம்பீங்க. ஞாயித்துக்கெழம கல்யாண வீட்டுல பாத்தேன்."

"அது மரியாதைக்குத் தின்னது."

"அதே மாதிரி இந்த மருந்தையும் மரியாதைக்குப் போடுங்களேன்."

போடமாட்டார். அவர் பிறந்த ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு கூடும், வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிப்பார்கள். எல்லாப் பெயரையும் வாசித்து முடித்தபிறகு, உடம்புக்கு முடியவில்லை என்று லீவு கேட்டவர்களின் பெயரைக் கணக்கெழுதுகிற கிராணி கடைசியில் தனியாக, இழுத்து வாசிப்பார். கார்த்திகேசுவின் அப்பா பெயர் மாதத்தில் நாலு தரம் அந்தக் கடைசியில் வந்தது. 'சீக்காளி மவன்' என்று இவரைக் கூப்பிட்டே பையன்கள் விளையாடினார்கள். தோட்டம் விற்கப்பட்டுத் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதியாகி இருபது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. நல்லாயிருக்கும்போது மருந்தைத் தொட்டால் நான் சீக்காளி என்று நானே பெயர் கொடுத்தமாதிரி ஆகும் என்கிற எண்ணம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

போன வருசம் செப்டம்பர் மாதம் கிளினிக் கூடத்தில் துளசி ஒரு படிவத்தோடு வந்து இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும், சிரித்த முகம்.

"ஒரு ஆராய்ச்சி அண்ணே. ஆஸ்பத்திரியில படுக்க வச்சுச் சோதிக்கிறது இல்ல. நீங்க எப்பவும் போல வேன் ஓட்டுங்க, ரொட்டி சானாய் சாப்பிடுங்க, அக்காகூட சண்டை போடுங்க. நாங்க எழுதிக்கிட்டே வருவோம்."

"சண்டையையுமா?"

"அதுக்குத் தனியா ஒரு நோட்டு வாங்கணும்மா" என்றாள் மங்களம்.

துளசி சிரித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். இந்த மருந்துகளை முதலில் சோதித்தபோது ஆட்களைப் பொறுக்கித்தான் எடுத்தார்களாம். சிகரெட் பிடித்தவர் வேண்டாம், இனிப்புநீர் உள்ளவர் வேண்டாம், மருந்தை மறக்கிறவர் வேண்டாம் என்று கழித்துக்கொண்டே போனார்களாம்.

"கடைசியில பாத்தா, எங்க கிளினிக்குக்கு வர்ற ஆளுங்கள்ல முக்கால்வாசிப் பேரு அந்தக் கணக்குலயே இல்ல. உண்மையான வீட்டுல, உண்மையான ஆளுக்கு இந்த மருந்து என்ன செய்யுதுன்னு பாத்தாதானே டாக்டர் சரியா மருந்து குடுக்க முடியும்?"

"நான் சிகரெட்ட விட்டு மூனு வருசமாச்சு" என்றார் கார்த்திகேசு.

"அதுக்கு முன்னால பிடிச்ச இருபத்தஞ்சு வருசத்தக் கழிச்சிட்டுச் சொல்றாரு" என்றாள் மங்களம்.

பம்பின் முதுகில் சின்னக் கட்டத்துக்குள் ஓர் எண் தெரியும். புதிதில் நூற்றிருபது. ஓர் அமுக்குக்கு ஒன்று குறையும். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று போட்டால் முப்பதாம் நாள் சைபர். மாதாமாதம் பழையதைக் கொண்டுவந்து காட்டிப் புதியதை வாங்கிப்போக வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் வேலை.

அக்டோபரில் முதல் மாதத்துப் பம்பைக் காட்டப் போனபோது துளசி அங்கே இல்லை. முகப்பில் மிஸி என்று எல்லாரும் கூப்பிடுகிற தாதி ஒருவர் வாங்கிப் பார்த்தார். நூற்றுப் பதினாறு.

"நூத்திப் பதினாறு! என்னா அங்கிள் இது?" கூடம் முழுக்கக் கேட்டது. "உங்க வேன்ல வர்ற பிள்ள வீட்டுப்பாடம் செய்யாம வந்தா டீச்சர் என்னா செய்வாங்க? வெளிய நிப்பாட்டுவாங்கதானே? உங்கள எங்க நிப்பாட்டறது?"

இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். கார்த்திகேசு புதுப் பம்பை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். அன்று மத்தியானம் சோற்றில் கை வைத்தவர் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு எழுந்து கையைக் கழுவிவிட்டார்.

"பெரட்டுல நிக்க வச்ச மாதிரி இருந்துச்சு மங்களம்" என்றார்.

மங்களம் மூன்று நாள் கெஞ்சிப் பார்த்தாள், மூன்று நாள் சண்டை போட்டுப் பார்த்தாள். பலிக்கவில்லை. ஏழாம் நாள் காலையில்தான் சன்னலைத் திறந்தாள். அவளும் கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டியவள்தான். பால் வாளியில் தண்ணீர் கலந்து எடையைக் கூட்டிக் காட்டியவர்களை அவளுக்குத் தெரியும். ஒருநாளும் அவள் கலந்ததில்லை. அந்தக் கைதான் இப்போது எண்ணைக் குறைக்கப் பம்பைக் காற்றில் அமுக்கியது. இனி ஒருத்தரும் அவரைக் கூட்டத்தில் வைத்துக் கேட்கக் கூடாது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. விட்டுப்போன நாட்களையும் சேர்த்து அமுக்கிக் கணக்கைச் சரிக்கட்டினாள்.

நவம்பரில் எண் சைபரைக் காட்டியது. "சூப்பர் அண்ணே!" என்று துளசி கைதட்டினாள். கார்த்திகேசு அந்தச் சைபரைப் பார்த்தார், மங்களத்தைப் பார்த்தார். மங்களம் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தாள். ஏதாவது கேட்பார் என்று வழியெல்லாம் காத்திருந்தாள். கேட்கவில்லை. லகாட் வருகிற இடத்தில், "கண்ணாடிய ஏத்து, தூசி வருது" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் அவருக்கு இழுப்பு கடுமையாக வந்து, ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி, மருந்தைப் புகையாக்கி இழுக்கவிட்டு கேஸ் வைத்தார்கள். ஒழுங்காக மருந்து போட்டும் இப்படியா என்று டாக்டர் யோசித்து, ஜனவரியில் பழுப்புக்குப் பதில் இன்னும் பலமான ஊதா பம்பு கொடுத்தார். அதுவும் சன்னல் வழியாகத்தான் போயிற்று. பிப்ரவரியில் மறுபடி கேஸ். மார்ச்சில் மறுபடி. ஒவ்வொரு தடவையும் பம்பின் முதுகில் எண் மட்டும் கச்சிதமாகச் சைபரில் நின்றது.

மங்களத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் பொய்க்கு ஒரு குணம் உண்டு, தொடங்கியவர் கையிலேயே அது வளரும். இந்த மாதம் நிறுத்தினால் எண் காட்டிக்கொடுக்கும். சொன்னால் அந்தக் கூடத்தில் மறுபடி அவர் நிற்க வேண்டும். அடுத்த மாதம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். இளவயது மலாய்க்காரர், பொறுமைசாலி. துளசியும் பக்கத்தில் இருந்தாள். டாக்டர் கணினியைப் பார்த்தபடி மெதுவாக மலாயில் சொன்னார். ஆறு மாதமாக ஒரு வேளைகூட இவர் மருந்தை விடவில்லை. அப்படியும் மூன்று முறை கேஸ் வைத்தாயிற்று. ஆக, பம்பு இவருக்கு வேலை செய்யவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டரைப் பார்க்கத் தேதி கிடைக்கிறவரை தினமும் ஸ்டீராய்டு மாத்திரை போட வேண்டியதுதான்.

துளசி மங்களத்தின் பக்கம் குனிந்தாள். "இந்த மாத்திரை இனிப்ப ஏத்தும் அக்கா. ஏழுக்குள்ள இருக்கணும், இப்பவே அண்ணனுக்குப் பதினொன்னு இருக்கு. இன்சுலின் ஊசி போட வேண்டி வரலாம். காலப் பத்திரமா பாத்துக்கணும். வேற வழியில்ல, பம்பு கேக்கலன்னா மாத்திரைக்குத்தானே போகணும்."

கால் என்றதும் மங்களத்துக்குக் கண்முன் வந்தது அவருடைய வலது பெருவிரல். போன வருசம் அதில் பட்ட சின்னப் புண் ஆற நாலு மாதம் பிடித்தது. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு தடவை பேச்சும் வந்தது.

துளசி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒழுங்கா போட்டும் கேக்காதவங்கன்னு எங்க ஆராய்ச்சியில ஒரு வரிசை இருக்கு. அதுல மொத ஆளு நம்ம அண்ணன்தான். இப்படி இன்னும் பத்துப் பேரு இருந்தாங்கன்னா, இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு இந்த மருந்து சரிவராதுன்னே எழுத வேண்டியிருக்கும்."

மேசை ஓரத்தில் அச்சு இயந்திரம் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. மாத்திரைச் சீட்டு பாதி வெளியே வந்துவிட்டது.

"நந்தி டுலு, டாக்டர்" என்றாள் மங்களம். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வந்தது, அதட்டின மாதிரி வந்துவிட்டது. டாக்டர் கையை எடுத்தார். அடுத்ததை அவளால் மலாயில் சொல்ல முடியவில்லை. தமிழில், துளசியைப் பார்த்துச் சொன்னாள்.

"அவரு போடல. இந்த ஆறு மாசமும் போடல. நான்தான் அமுக்கினேன். காலையிலயும் சாயங்காலமும். சன்னலுக்கு வெளிய, கறிவேப்பிலச் செடி மேல. அன்னிக்கு அவர நாலு பேரு முன்னால அப்படிக் கேட்டாங்களேன்னு..." பாதி வந்த சீட்டின் மேல் கையை வைத்தாள். "மாத்திரை குடுக்காதீங்கம்மா. மருந்து மேல குத்தமில்ல. எம்மேலதான்."

டாக்டர் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கார்த்திகேசு நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சன்னலுக்கு வெளியவா?"

"ம்."

"வாயில இல்லையா?"

"யாரு வாயில?"

"உன் வாயிலதான் புள்ள!"

"என் வாயில எதுக்குங்க?"

"அப்ப..." நாற்காலியை அவள் பக்கம் இழுத்தார். "அப்ப உனக்கு செம்புட்டு இல்லையா?"

மங்களத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் துளசியிடம் திரும்பினார், சாட்சி சொல்கிறவர் மாதிரி.

"மேடம், நான் குளிக்கிறப்ப செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும். புஸ்ஸுன்னு ஒன்னு. கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. மறுபடி புஸ்ஸு. முப்பது வருசமா கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா? கிளினிக்குக்கு வந்து பாத்தா சைபர். சரி, இவளுக்கும் வந்திடுச்சு, வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு என் மருந்த எடுத்து ஓட்டிக்கிட்டிருக்கான்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள் மங்களம்.

"நீயா சொல்லாதத நான் எப்படிக் கேக்கிறது? பேரு வாசிச்ச மாதிரி ஆயிடாதா?" கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டிசம்பர்ல கேஸ் வச்சுட்டு வந்தப்புறம் நான் போடலாம்னுதான் இருந்தேன். பயந்துட்டேன்லா. ஆனா மாசத்துக்கு ஒன்னுதானே குடுக்கிறாங்க? நான் எடுத்தா உனக்குப் பத்தாது."

மங்களம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலைந்து மாதமாக அவர் வீட்டில் சாம்பிராணி போட விடுவதில்லை. துணி துவைத்த வாளியை அவள் தூக்கப்போனால் பிடுங்கிக்கொள்வார். மிளகாய் வறுக்கிற நாளில் அவளை வாசலுக்கு அனுப்பிவிட்டு, இவர் உள்ளே நின்று இருமிக்கொண்டே கிண்டுவார். வயசாகி வந்த கிறுக்கு என்றுதான் நினைத்திருந்தாள்.

"பைத்தியம்" என்றாள். அழுகையோடு வந்ததால் அது திட்டாகக் கேட்கவில்லை.

துளசி எல்லாவற்றையும் டாக்டருக்கு மலாயில் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். பிறகு பாதி வந்த சீட்டை உருவி இரண்டாகக் கிழித்தார். செடி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதைத் துளசி மொழிபெயர்த்தபோது மங்களத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தளதளன்னு இருக்கு டாக்டர்" என்றார் கார்த்திகேசு. உடனே, "மேடம், மொத இவள ஊதச் சொல்லுங்க. இல்ல இல்லன்னு வாயால சொல்றா. இனிமே வாயால சொல்றத நான் நம்பமாட்டேன்" என்றார்.

நெஞ்சில் எவ்வளவு காற்று வேகம் இருக்கிறது என்று பார்க்கிற பிளாஸ்டிக் குழாயை மங்களத்திடம் கொடுத்தார்கள். அவள் ஊதினாள். முள் முந்நூற்றுத் தொண்ணூறில் நின்றது. நல்லா இருக்கு என்று டாக்டர் சொன்னது போதாமல், கார்த்திகேசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழாயை வாங்கித் தாமே பார்த்தார். இன்னொரு தரம் ஊதச் சொன்னார். அதற்குப் பிறகுதான் தாம் ஊதினார். இருநூற்று முப்பது.

"உன் ஆராய்ச்சியக் கெடுத்துட்டேன்லம்மா" என்றாள் மங்களம் துளசியிடம். "எங்க பேர அடிச்சிடு."

"அடிக்க மாட்டேன் அக்கா. நடந்தத நடந்தபடியே எழுதுவேன். உண்மையான வீட்டுல என்ன நடக்குதுன்னு பாக்கத்தானே வந்தோம்? நாங்க பம்போட முதுக மட்டும் பாத்துட்டு விட்டுட்டோம்." கொஞ்சம் தயங்கினாள். "அன்னிக்குக் கூடத்துல நடந்ததையும் எழுதணும். அப்படிச் சத்தம் போட்டா எவரு வந்து உண்மையச் சொல்லுவாங்க? இன்னும் எத்தனை வீட்டுல சன்னல் தொறந்திருக்கோ, தெரியல. ஒவ்வொருத்தரா போய்க் கேக்கப் போறேன். தனியா உக்கார வச்சு."

டாக்டர் கார்த்திகேசுவிடம் நேராகக் கேட்டார். "மூச்சு முட்டினால் எடுப்பீர்கள். முட்டாவிட்டால் எடுக்க மாட்டீர்கள். சரிதானா?"

முப்பது வருசத்தில் அவர் முதல் தடவையாக ஒரு டாக்டரிடம், "ஆமா, அப்படித்தான்" என்றார்.

அப்படியானால் அதற்கேற்ற மருந்து இருக்கிறது என்றார் டாக்டர். இப்படிப்பட்ட ஆட்களை வைத்தே பார்த்து எழுதியிருக்கிறார்களாம். சிவப்பு நிற பம்பு. மூச்சைத் திறக்கிற மருந்தும், உள்ளே இருக்கிற வீக்கத்தை ஆற்றுகிற மருந்தும் ஒன்றிலேயே இருக்கும். முட்டும்போது நீலத்துக்குப் பதில் இதை எடுத்தாலே நெஞ்சுக்குப் போக வேண்டியது கொஞ்சம் போய்விடும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றும் போட்டுப் பார்க்க வேண்டும். "விட்டுப் போனால் விட்டுப் போனது என்று சொல்லுங்கள். அது போதும்."

மே மாதம் அவர்கள் போனபோது துளசி தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கார்த்திகேசு பம்பை மங்களத்திடம் கொடுக்காமல் தம் கையாலேயே மேசையில் வைத்தார்.

"மேடம், பதினோரு வேள விட்டுப் போச்சு. எட்டு மறந்தது. மூனு வேணும்னே விட்டது."

"ஏன் அண்ணே வேணும்னே?"

"இவகூட சண்டை."

துளசி மூன்றையும் காரணத்தோடு எழுதிக்கொண்டாள். அந்த மாதம் கேஸ் வைக்க வேண்டி வரவில்லை. இனிப்பு ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. ஊதினபோது முள் முந்நூற்றுப் பத்தைத் தொட்டது.

அன்று மத்தியானம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தவர் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் சாய்வு நாற்காலியில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். மங்களம் பக்கத்தில் பீன்ஸை மடியில் வைத்துக்கொண்டு நறுக்க உட்கார்ந்தாள். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. எழுந்து போய் வானொலியை நிறுத்திவிட்டு வந்து கேட்டாள். மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வந்தது. முப்பது வருசமாக அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வந்த விசில் இல்லை. கத்தி சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று பீன்ஸைக் கையாலேயே ஒடித்துப் போட்டபடி, போகிற மூச்சையும் வருகிற மூச்சையும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.